கடல் கடந்த பாத்தியதை

தமிழ் நூலொன்றை மறுபதிப்புச் செய்ய விரும்பும் பிரசுரகர்த்தர், அதன் ஆசிரியர் எந்த ஆண்டில் காலமானார், நூல் முதன்முதலில் எந்த ஊரில் அச்சேறியது, அதன் பாத்தியதை இன்று யார் கையில் இருக்கிறது என்னும் மூன்று விஷயங்களையும் நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே காகிதம் வாங்கப் போக வேண்டும். அம்மூன்றையும் விசாரித்துச் சொல்வதும், உரியவர்களுக்கு எழுதி அனுமதி பெறுவதும், ஒப்பந்தம் தயாரித்துக் கையொப்பம் வாங்குவதும், ராயல்டி ஆண்டுதோறும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதுமே என் தொழிலாக இருந்துவந்திருக்கிறது. சென்னையில் பதிப்பாளர்களிடம் நெடுங்காலம் இவ்வேலையைச் செய்துவிட்டு, இப்போது சொந்த ஊராகிய சிவகிரியில் இருந்துகொண்டே தபால் மூலமும் தொலைபேசி மூலமும் அதைத் தொடர்ந்து செய்துவருகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் சாலையில் இருக்கும் இவ்வூருக்கும் சர்வதேசப் பதிப்புரிமைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தென் ஜில்லாக்களுக்கு இலங்கையோடு இருந்த கொடுக்கல் வாங்கலை அறிந்தவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். கொழும்பில் கடை வைத்தவர்களும், மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போனவர்களும், சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் அங்கிருந்து திரும்பி வந்தவர்களுமாக எத்தனையோ குடும்பங்கள் இந்தச் சீமையில் இருக்கின்றன. எங்கள் தெருவில் அப்படிப்பட்ட ஒரு வீட்டில், தகரப் பெட்டியொன்றுக்குள், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரின் பாலபாடமும், சங்கரன்கோவிலுக்குப் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவற்றைப் படித்தவர்களுக்கு அவை ஒரே பாஷையின் இரண்டு புத்தகங்கள். இடையில் இருந்த கடல், சட்டம் வந்து அளந்த பிறகே அகலமாயிற்று.

வானொலியிலும் இதைக் கண்கூடாகக் கண்டோம். 1952-ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைக் கட்டுப்படுத்தியதும், படத்தின் பெயரைச் சொல்லாமல் பாட்டை மட்டும் ஒலிபரப்புவதை விரும்பாத தயாரிப்பாளர்கள் தங்கள் அனுமதியை நிறுத்திக்கொண்டதும் பழைய கதை. அப்போது சென்னையில் பதிவான பாட்டைச் சிவகிரியில் இருப்பவன் கேட்க வேண்டுமானால், முள்ளைக் கொழும்புக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஒரே இசைத்தட்டுக்கு ஒரு நாட்டில் அனுமதி இல்லை, அடுத்த நாட்டில் உண்டு. அனுமதி என்பது நாட்டுக்கு நாடு தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கப்படும் பொருள் என்ற உண்மையைத் தென்பாண்டி மக்கள் சட்டப் புத்தகம் எதையும் திறக்காமலே தெரிந்துகொண்டார்கள்.

என்னிடம் வந்து சேரும் பழைய தஸ்தாவேஜுகளில் மிகப் பல, ஆசிரியர் பதிப்பாளருக்கு எழுதிய கடிதங்கள். மட்டக்களப்பிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ, நீல நிற வான்கடிதத் தாளில், க்ஷேம விசாரணைக்குப் பிறகு, தம் சிறுகதைத் தொகுதியை விருப்பப்படி வெளியிட்டுக்கொள்ளலாம் என்றும் சில பிரதிகள் அனுப்பினால் போதும் என்றும் ஒரே வாக்கியத்தில் உரிமையை வழங்கியிருப்பார் எழுத்தாளர். கீழே கையொப்பமும் தேதியும் இருக்கும். அந்தப் பெருந்தன்மை வணங்கத்தக்கது. ஆயினும் அவ்வாக்கியத்தில் இல்லாதவற்றைச் சட்டம் தானே நிரப்பிக்கொள்கிறது. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் எழுதப்பட்ட கடிதமாயின், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, காலம் குறிக்கப்படாத உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்றும், இடம் குறிக்கப்படாதது இந்தியாவுக்குள் மட்டுமே என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதிக்கொண்டிருந்தாலொழிய, அது காலாவதியாகிவிடும். ஆகவே மட்டக்களப்பு எழுத்தாளர் மனமுவந்து கொடுத்த உரிமையைக் கொண்டு சென்னையில் அச்சிட்ட புத்தகத்தை, அந்த மட்டக்களப்புக்கே அனுப்பி விற்பதற்குப் பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்று வாதிக்க இடமுண்டு. இக்காரணத்தால், நான் தயாரிக்கும் ஒப்பந்தங்களில் இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்று நாடுகளைப் பெயர் சொல்லி எழுதுவதையும், ஆண்டுகளை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பதையும் ஒருபோதும் விட்டதில்லை. உலகம் முழுவதும் என்ற ஒரு சொல்லே போதாதா என்று பதிப்பாளர்கள் பொறுமையிழந்து கேட்பதுண்டு. கையொப்பமிடும் எழுத்தாளர் தம் நூல் எங்கெங்கே போகப்போகிறது என்பதைக் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் பதில்.

இரு நாடுகளுக்கும் சட்டம் எப்போதுமே இரண்டாக இருந்ததில்லை. 1911-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் சாம்ராஜ்யத்துக்கென இயற்றிய பதிப்புரிமைச் சட்டம் இலங்கையிலும், 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் சில மாறுதல்களோடு இந்தியாவிலும் அமலாயிற்று. ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் ஐம்பது ஆண்டுகளும் என்ற கணக்கு இரு கரைகளிலும் ஒன்றாகவே இருந்தது. மாறுதல்களுள் முக்கியமானது மொழிபெயர்ப்பைப் பற்றியது: பல பாஷைகள் வழங்கும் தேசமாதலால், இந்தியாவில் முதலில் வெளியான நூலை மொழிபெயர்க்கும் தனியுரிமை ஆசிரியருக்குப் பத்து ஆண்டுகளுக்கு மட்டுமே என்று இந்தியச் சட்டம் சுருக்கியது. அக்காலத்தில் வங்காளியிலிருந்தும் மராத்தியிலிருந்தும் நாவல்கள் தமிழில் வெள்ளமாக வந்ததற்கு, மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்போடு இந்த ஷரத்தும் துணை நின்றிருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் என் மனத்தை மிகவும் கவர்ந்த ஏற்பாடு வேறொன்று. ஆசிரியர் காலமாகி 25 ஆண்டுகள் சென்ற பின்னர், எந்தப் பதிப்பாளரும் முறைப்படி எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் விலையில் பத்து சதவீதத்தை உரிமையாளருக்குச் செலுத்தி, அந்நூலைத் தாமே வெளியிடலாம் என்பதே அது. உரிமையாளர் பணத்தைப் பெறலாம். நூலை அடைத்து வைக்க முடியாது. சாம்ராஜ்யச் சட்டம் பெரும்பாலும் லண்டன் பதிப்பாளர்களின் வியாபார செளகரியத்தை உத்தேசித்து எழுதப்பட்டதாதலால், அதைப் போற்றிப் பாடுவது என் எண்ணமன்று. எனினும், எழுதியவருக்குரிய கூலியையும் படிப்பவருக்குரிய புத்தகத்தையும் ஒருங்கே பாதுகாத்த இந்த ஒரு ஷரத்தை நினைக்கும்போதெல்லாம், சுதந்திர நாடுகள் இரண்டும் அதைக் கைவிட்டிருக்க வேண்டாமே என்று வருந்துகிறேன். இந்தியா 1957-ஆம் ஆண்டில் தனக்கென இயற்றி, 1958 ஜனவரி 21 முதல் அமல்படுத்திய சட்டத்தில் அது இல்லை. இலங்கை பழைய சட்டத்தை 1979 வரை வைத்திருந்து, அவ்வாண்டின் 52-ஆம் இலக்க அறிவுச் சொத்துக் கோவையால் அதை நீக்கியது.

அதற்குப் பிறகு ஆண்டுக் கணக்கும் பிரிந்துவிட்டது. ரவீந்திரநாத் தாகூர் 1941-ல் மறைந்தவராதலால், அவர் நூல்களின் உரிமை 1991 இறுதியில் விசுவபாரதியிடமிருந்து கழிந்துவிடும் என்ற நிலையில், இந்திய அரசாங்கம் அவசரச் சட்டம் ஒன்றால் ஐம்பதை அறுபதாக்கி, 1992-ல் அதை நிலைப்படுத்தியது. ஒரு மகாகவியின் பொருட்டுச் செய்த நீட்டிப்பு எல்லா எழுத்தாளர்களுக்கும் பொதுவாயிற்று. இலங்கையோ 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டத்தால் எழுபதுக்குப் போய்விட்டது. மலேசியா ஐம்பதிலேயே நின்றது. சிங்கப்பூர் 2004 ஜூலையிலிருந்து எழுபதாயிற்று.

இதன் விளைவை அறிய, பதிப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் உதாரணமாகிய கல்கியையே எடுத்துக்கொள்ளலாம். அவர் காலமானது 1954 டிசம்பரில். தமிழக அரசு அவர் நூல்களை 1990-களின் இறுதியில் நாட்டுடைமையாக்கியதைத் தற்போதைக்கு ஒதுக்கிவிட்டு, அந்தந்த நாட்டு ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால், மலேசியாவில் 2004 இறுதியிலும், இந்தியாவில் 2014 இறுதியிலும், இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 2024 இறுதியிலும் முடிவு வருகிறது. வந்தியத்தேவன் கோடிக்கரையிலிருந்து படகேறி ஓர் இரவில் கடந்துவிடும் கடலை, அவனைப் படைத்த நூல் கடப்பதற்குப் பத்து ஆண்டுகள் பிடிக்கும் என்று அக்கணக்கு சொல்கிறது.

இச்சிக்கலைத் தணிக்க, பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையில் ஒரு விதி உண்டு. இந்தியா 1928 முதலும் இலங்கை 1959 முதலும் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்திருக்கின்றன. நூல் தோன்றிய நாட்டில் அதற்குள்ள காலத்துக்கு மேல் பிற நாட்டில் பாதுகாப்புத் தர வேண்டியதில்லை என்பதும், வேறு விதமாக ஒரு நாடு தன் சட்டத்தில் விதித்திருந்தாலொழியக் குறைந்த காலமே நிலைக்கும் என்பதும் அதன் சாரம். இந்திய அரசின் 1999-ஆம் ஆண்டு சர்வதேசப் பதிப்புரிமை ஆணையும் இக்கொள்கையையே கைக்கொள்கிறது. எனவே நூல் தோன்றிய நாடு எது என்பது என் தொழிலில் உயிர்நிலையான கேள்வி. ஆசிரியர் பிறந்த ஊரைக் கொண்டு அதைத் தீர்மானிப்பதில்லை. முதற்பதிப்பு வெளிவந்த இடமே அளவுகோல். விபுலாநந்த அடிகள் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்தவர். அவருடைய யாழ்நூலோ 1947-ல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாகத் தமிழகத்தில் வந்தது. இந்தக் கணக்கில் அது இந்திய நூல். முப்பது நாட்களுக்குள் இரு நாடுகளில் வெளியாகும் புத்தகத்துக்கு, அவற்றுள் எந்நாட்டில் உரிமைக் காலம் குறைவோ அந்நாடே பிறப்பிடமாகும் என்றும் உடன்படிக்கை சொல்கிறது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் ஒரே மாதத்தில் நூலை வெளியிடும் இளம் பதிப்பாளர்களுக்கு இதை எடுத்துச் சொல்லி, இரு வெளியீட்டு விழா அழைப்பிதழ்களையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்வேன். பிற்காலத்தில் தேதியை நிரூபிக்க அவையே சாட்சி.

இலங்கையில் இல்லாத, தமிழகத்துக்கே உரிய சிறப்பு நாட்டுடைமை. பாரதியின் படைப்புகளை 1949-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதன்மந்திரியாக இருந்தபோது, சென்னை மாகாண அரசாங்கம் ஏற்றுக்கொண்டு, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் அதை விட்டுக்கொடுத்தார். எழுத்தாளர் ஒருவரின் படைப்பை அரசே பெற்று மக்களுக்கு வழங்கிய இச்செயல் உலகில் அபூர்வமானது. பாரதி சில காலம் வாழ்ந்த கடையம் எங்கள் மாவட்டத்தில் இருப்பதால் எனக்கு அதில் தனிப் பெருமிதமும் உண்டு. இன்றும் தமிழ் வளர்ச்சித் துறை வாரிசுகளுக்குப் பரிவுத் தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமையாக்கி வருகிறது. ஆயினும் கோலாலம்பூரிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஒரு பதிப்பாளர், உங்கள் மாநில அரசின் ஆணை எங்கள் நாட்டில் எப்படிச் செல்லும் என்று கேட்டால், அந்த ஆணையை மட்டும் காட்டி வாயடைக்க முடியாது. வாரிசுகள் எழுதிக் கொடுத்த பத்திரம் உலகம் முழுவதுக்குமான உரிமையைத் துறக்கிறதா, இந்தியாவுக்குரியதை மட்டும் துறக்கிறதா என்பதையே பார்க்க வேண்டும். அந்தப் பத்திரங்களில் எல்லா நாடுகளுக்கும் என்ற சொற்களைச் சேர்ப்பதற்கு அரசாங்கத்துக்குக் காசு செலவில்லை. அது செய்யப்பட வேண்டும்.

சட்டப் பிரிவுகளைக் காட்டிலும் என்னை அதிகமாக வாட்டியது மனிதர்களைத் தேடும் வேலை. 1970-களின் தொடக்கத்தில் இலங்கை அரசு தமிழகப் பத்திரிகைகள், புத்தகங்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, அங்கே வீரகேசரிப் பிரசுரங்கள் போன்ற முயற்சிகள் தழைத்து, உள்நாட்டு எழுத்தாளர்களின் நாவல்கள் ஆயிரக்கணக்கான வாசகர்களை அடைந்தன. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டது. 1983-க்குப் பின் எழுத்தாளர்களும் அவர்கள் மக்களும் டொரொண்டோ, லண்டன், பாரிஸ் என்று சிதறினார்கள். ஒரு நூலின் ஒரே பிரதி சென்னையிலும், ஆசிரியரின் சமாதி யாழ்ப்பாணத்திலும், வாரிசு கனடாவிலுமாக இருக்கும் நிலை சாதாரணமாயிற்று. இத்தகைய நூல்களைத் தமிழகத்துப் பதிப்பாளர் சிலர் அன்பினால் வெளியிட்டார்கள். சிலர் யாரும் கேட்கமாட்டார்கள் என்ற துணிவினால் வெளியிட்டார்கள்.

அப்படி வெளியான ஒரு நாவலின் இரண்டாம் பதிப்புக்கு அனுமதி கேட்டு, ஆசிரியரின் மகளைத் தேடிக் கண்டுபிடித்து டொரொண்டோவுக்குத் தொலைபேசியில் பேசினேன். முதற்பதிப்பு வந்ததே அவருக்குத் தெரியாது. சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "அப்பாவின்ர புத்தகத்தை அங்க ஆக்கள் வாசிக்கினம் எண்டால் எனக்குச் சந்தோஷம்தான், ஐயா. ஆனால் ஒருத்தரும் எங்களிட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லையே" என்றார். "கேட்கத்தான் அம்மா இப்போது கூப்பிடுகிறேன், முதற்பதிப்புக்குரிய பணத்தையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்" என்று சொன்னேன். பணத்தைப் பற்றி அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அட்டையின் உட்பக்கத்தில் தகப்பனாரின் ஊர்ப்பெயர் சரியாக அச்சாகியிருக்கிறதா என்பதையே இரண்டு முறை கேட்டார்.

அந்த அம்மாளுக்குச் சகோதரர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமைப்படி தகப்பனாரின் சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது ஒரு கணக்கு. இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பார்த்தால் வேறு கணக்கு. பதிப்புரிமையும் ஒரு சொத்தாதலால், ஒருவரின் கையொப்பம் போதாது என்று எல்லோரிடமும் பெற்றோம். வாரிசே அகப்படாவிட்டால், இந்தியச் சட்டத்தின் 31-அ பிரிவு ஒரு வழி காட்டுகிறது: நூலை வெளியிட விரும்புகிறவர் தம் உத்தேசத்தை, நாட்டின் பெரும்பகுதியில் செலாவணியுள்ள ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் செய்து, கட்டாய உரிமம் கேட்கலாம். நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் ஒரு கவிஞரின் பேரன் டெல்லியில் அச்சாகும் ஆங்கில நாளிதழை எந்த நாளில் பார்ப்பான்? இது தேடுவதாகாது. நியாயம் கேட்கும் வழியிலும் இதே ஏற்றத்தாழ்வு உண்டு. சிவகிரியில் இருக்கும் உரிமையாளர், தம்மை ஏமாற்றிய சென்னைப் பதிப்பாளர்மீது, 62-ஆம் பிரிவின்படி தாம் வசிக்கும் ஜில்லா நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வவுனியாவில் இருக்கும் உரிமையாளர் கடல் கடந்து வந்து வக்கீல் வைக்க வேண்டும்.

அண்டை நாடுகள் தம் சட்டங்களை ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும் என்று பேசும்போது எல்லோரும் ஐரோப்பாவைக் காட்டுகிறார்கள். அங்கே 1993-ல் உரிமைக் காலத்தை ஒரே அளவாக்க முனைந்தபோது, ஜெர்மனியில் 1965 முதல் இருந்த எழுபது ஆண்டே எல்லோருக்கும் அளவாயிற்று. ஐம்பது வைத்திருந்த நாடுகளும் எழுபதுக்கு ஏறின. கொடுத்துவிட்ட உரிமையைக் குறைக்க எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராதாகையால், ஒன்றாக்குவது என்றால் நீளமானதை நோக்கி ஏறுவது என்றே முடிகிறது. தாகூர் மறைந்த அதே 1941-ல் மறைந்த ஜேம்ஸ் ஜாய்ஸின் நூல்கள் 1992-ல் பிரிட்டனில் பொதுவாகி, நான்கு ஆண்டுகள் கழித்து மீண்டும் தனியுரிமைக்குள் போய், 2011 இறுதி வரை அங்கேயே இருந்தன. பொதுக் கிணறாகிவிட்டதற்கு மறுபடி பூட்டுப் போடுவது தமிழ்நாட்டில் நடக்கக்கூடாது. தென்னாசிய நாடுகளின் சார்க் அமைப்பு 1985 முதல் இருந்தும் பதிப்புரிமைக்கென ஓர் உடன்படிக்கை அதில் உருவாகவில்லை. உருவாகும் நாளில் எழுபது என்ற எண்ணை நோக்கி நாம் ஏறாதிருக்க வேண்டும் என்பதே என் கவலை.

நான் வேண்டுவது இது. பெர்ன் உடன்படிக்கை கட்டாயமாகக் கேட்பது ஆயுளுக்குப் பின் ஐம்பது ஆண்டுகள் மட்டுமே. இந்தியா தானாகச் சேர்த்த பத்து ஆண்டுகளும், இலங்கை தானாகச் சேர்த்த இருபது ஆண்டுகளும் அந்தக் குறைந்த அளவுக்கு மேற்பட்டவை. அவற்றை எந்நிபந்தனையோடு தருவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். அந்த மேல் ஆண்டுகளில், 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்ததைப் போல, யாரும் அறிவிப்புக் கொடுத்துப் பத்து சதவீதம் செலுத்தி நூலை வெளியிடலாம் என்று இரு நாடுகளும் ஒரே வாசகத்தில் சட்டம் செய்யுமானால், எந்த வாரிசும் ஒரு காசையும் இழக்கமாட்டார். எந்த நூலும் அடைபட்டுக் கிடக்காது. ஐம்பதா, அறுபதா, எழுபதா என்ற வழக்கின் கூர்மையும் மழுங்கிவிடும். அறிவிப்பைத் தமிழில், சென்னை நாளிதழ் ஒன்றிலும் யாழ்ப்பாண நாளிதழ் ஒன்றிலும் வெளியிட வேண்டும். வாரிசு அகப்படாத நூலின் பணத்தை அந்த ஆசிரியரின் பெயரிலேயே வைப்பாக வைத்து, ஆண்டுதோறும் பெயர்ப் பட்டியலை அச்சிட வேண்டும்.

இதை ஒரு வரைவாக எழுதி இரு நாட்டுப் பதிப்பாளர் சிலருக்கு அனுப்பியிருந்தேன். எதிர்ப்பு அதிகமில்லை. பத்து சதவீதத்தை அச்சிட்ட விலையில் கணக்கிடுவதா, கடைக்காரருக்கும் நூலக ஆணைக்கும் கொடுக்கும் தள்ளுபடி போக வந்த தொகையில் கணக்கிடுவதா என்பதே அவர்கள் எழுப்பிய சந்தேகம். அச்சிட்ட விலையில்தான் என்று பதில் எழுதினேன். பின்னட்டையில் இருக்கும் விலையை டொரொண்டோவில் இருக்கும் வாரிசும் படித்துப் பெருக்கிப் பார்த்துக்கொள்ள முடியும். தள்ளுபடிக் கணக்கு பதிப்பாளரின் பேரேட்டில் மட்டுமே இருக்கும்.